சிவப்பு மையில் அடித்த பெயர்

இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டரம்மா பெயர்களை வாசித்து முடித்தபோது பிரிசில்லா கண்ணைத் திறந்தாள். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் கட்டின புருஷன் பெயர் வரவில்லை என்றால் எவள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள்?

ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு நடக்கிற சபை அது. எண்பது பேர் வந்தால் அதிகம். அந்தச் சபையில் ஒரு நீள நோட்டு உண்டு. விசுவாசத்துக்கு வராத புருஷன்மார், பிள்ளைகள், மாமனார்கள் என்று நாற்பத்திரண்டு பேரின் பெயர் அதில் இருக்கும். மாதத்துக்கு ஒரு தரம் பெண்கள் பட்டினியோடு முட்டி போட்டு உட்கார, பாஸ்டரம்மா ஒவ்வொரு பெயராக வாசிப்பாள். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, இவரைச் சந்தியும் ஆண்டவரே என்பார்கள். பதினோரு வருஷமாக அதில் சம்பத்தின் பெயர் உண்டு. அந்தப் பெயர் வரும்போது பிரிசில்லாவின் குரல் மட்டும் ஒரு சுற்று கூடுதலாக எழும்பும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் அதற்குத் தயாராகவே இருப்பார்கள்.

அன்று அந்தப் பெயர் வரவே இல்லை.

ஜெபம் முடிந்ததும் அவள் நேராகப் போய் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். சம்பத் என்ற பெயரின் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தது. அவன் ஒருவன் மட்டும் இல்லை, மொத்தம் ஏழு பேர். செங்கம்மாளின் மகன் பெயரும் அதில் அடிபட்டிருந்தது. செங்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாஸ்டருக்கு ஆண்டவரே சொல்லிவிட்டாராம், நாம் என்ன செய்வது என்றாள். பெற்ற மகனை அடித்துப் போட்டிருக்கிறார்கள், இவள் மூக்கைத் துடைக்கிறாள் என்று பிரிசில்லாவுக்கு அவள் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். பாஸ்டர் ஏசுபாதம் ஜனவரியில் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தார். இளநீரும் கஞ்சித் தண்ணீரும்தான் ஆகாரம். இருபத்திரண்டாம் நாள் அறையை விட்டு வந்தவர் நோட்டைக் கேட்டு வாங்கி, ஸ்கேலும் பேனாவும் கேட்டு வாங்கி, ஏழு பெயர்களை அடித்துவிட்டுத்தான் ரசம் சாதம் சாப்பிட்டாராம்.

ஏசுபாதம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு பிரிசில்லா வேறு சபை பார்த்துக்கொண்டு போயிருப்பாள். ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். கொரோனா சமயத்தில் பிரிசில்லாவின் அம்மா தொட ஆள் இல்லாமல் கிடந்தபோது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர். அந்த நன்றி தொண்டையில் நிற்கும்போது கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது கோபப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பாஸ்டர் மிருதுவாகத்தான் சொன்னார்.

"அவர் வரமாட்டாரும்மா. உலகத்த உண்டாக்குறதுக்கு முன்னாடியே ஆண்டவருக்கு அது தெரியும். இப்ப எனக்கும் காட்டினாரு. அவர் வேணாம்னு விட்டதுக்கு நாம திரும்பத் திரும்ப ஜெபிக்கிறது கீழ்ப்படியாமை."

அப்படியானால் வராதது அவன் குற்றம் இல்லையே என்று பிரிசில்லா கேட்டாள். அதெப்படி, குற்றம் அவருடையதுதான் என்றார் பாஸ்டர். கடவுளுக்குத் தெரியும் என்பதற்காகக் கடவுள் அவர் காலைக் கட்டிப் போடவில்லை. சுவிசேஷம் மாடியில் ஒலிக்கிறது, படியேறி வராதவர் அவர். கடைசி நாளில் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். யூதாஸ் காட்டிக் கொடுப்பான் என்பதும் முன்பே தெரிந்ததுதான், அதற்காக யூதாஸ் நல்லவனாகிவிடுவானா என்று கேட்டார்.

"வரமாட்டான்னு நீங்களே எழுதி வெச்சிட்டு, வரலன்னு அவன் மேலயே கேஸு போடுவீங்களா? இது எந்த ஊரு நியாயம் பாஸ்டர்?"

கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்பதில் பிரிசில்லாவுக்கு ஒரு தகராறும் இல்லை. தலைமயிரைக்கூட எண்ணி வைத்திருக்கிறவர், சம்பத்தை எண்ணாமலா விட்டிருப்பார்? அவர் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். அது அவர் பாடு. அவருடைய அறிவைக் கொண்டுவந்து ஏசுபாதம் பாஸ்டரின் ஸ்கேலில் வைத்ததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது கோயிலுக்கு மட்டும் சொன்ன பழமொழி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரிசில்லா தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்க்கிறவள். பொத்தான் கோணலா, காலர் ஏறி இறங்கியிருக்கிறதா என்று நாளெல்லாம் பார்க்கிற கண்.

"எங்க கம்பெனில ஒரு சட்டையக்கூட நேரா ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க பாஸ்டர். மொதல்ல ஆல்டருக்கு அனுப்புவாங்க. பிரிச்சித் தெப்பாங்க. மறுபடி பாப்பாங்க."

சட்டையும் ஆத்துமாவும் ஒன்றா என்று பாஸ்டர் கேட்டார். இல்லைதான், சட்டைக்கே அவ்வளவு பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதி வழியில்தான் அது கையில் இருப்பதைக் கவனித்து மாட்டிக்கொண்டாள்.

சம்பத்திடம் சொல்லக் கூடாது என்றுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் சமையலறையில் பாத்திரங்கள் சும்மா இருக்கவில்லை. கரண்டி விழுந்தது, மூடி உருண்டது, குக்கரை அடுப்பில் வைத்த சத்தத்தில் பக்கத்துப் போர்ஷன்காரி எட்டிப் பார்த்தாள். சம்பத் உள்ளே வந்து, இன்னா ஆச்சு என்றான். ஒன்றுமில்லை என்று மூன்று தரம் சொன்னாள், நாலாவது தரம் சொல்லிவிட்டாள்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கிற ஆள்தான் அவன். சாப்பிடும்போது புரையேறினால், உங்க சர்ச்சுல என் பேரப் படிக்கிறாங்க போலகீது என்று தலையைத் தட்டிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுவந்து விட்டு, மாடிக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவான். இரண்டரை மணி நேரம். மாடிப்படி பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவனை ஏன் படியேற்றிக் கூட்டி வரவில்லை என்று சபைப் பெண்கள் கேட்டால், கர்த்தர் கூட்டி வருவார் என்று பிரிசில்லா பதில் சொல்வாள்.

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை மேடைமேல் வைத்தான்.

"அடிச்சிட்டாரா? பேனால அடிச்சிட்டாரா?"

ஆமாம் என்றாள். அவன் முகம் கறுத்தது. அவளுக்கு அப்போதுதான் அந்த முகத்தை முன்பே ஒரு தரம் பார்த்தது நினைவுக்கு வந்தது.

சம்பத் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். அதே ஊரின் காலனியில், அந்த நிலங்களில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள் பிரிசில்லா. தாம்பரம் கம்பெனியில் அவன் வேன் ஓட்டினான், இவள் அதில் ஏறினாள். செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்தபோது, அவன் வரியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வரி வாங்கவில்லை என்றால் அந்த ஊரில் அவனுக்குத் தலைக்கட்டு இல்லை, அம்மனுக்குப் படைக்கிற கூழில் பங்கு இல்லை, செத்தால் தூக்க ஆள் இல்லை. பெற்ற அப்பனே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தாராம். அன்றைக்கும் அவன் இதே முகத்தோடுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

"ஊர்ல எடுத்தாங்க, உனக்காகன்னு வுட்டுட்டேன். நான் இருந்தது இந்த ஒரு நோட்டுலதான் பிரிசில்லா. இதுலயும் எடுத்துட்டா நான் எங்க கீறேன்?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவ்வளவு அக்கறை இருந்தால் ஒரு நாளாவது படியேறி வந்திருக்க வேண்டியதுதானே, பதினோரு வருஷம் என்னை முட்டி தேய வைத்துவிட்டு இப்போது பெயருக்கு அழுகிறாயா என்று கத்தினாள். வர்றதும் வராததும் என் இஷ்டம் என்று அவனும் கத்தினான். வரமாட்டேன் என்று சொல்ல வேண்டியவன் நான், அதையும் அந்த ஆளே சொல்லிவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை என்றான். குக்கர் ஆறேழு விசில் அடித்துவிட்டது, அணைக்க ஆள் இல்லை. அன்றைக்குச் சாதம் கூழாகத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். வருஷத்துக்கு ஒரு தரம் கோவளம் கடலில் கொடுப்பார்கள். சபை ஆட்களைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது சம்பத்தின் வேன்தான். டீசலுக்குக்கூடக் கை நீட்ட மாட்டான். இந்த வருஷம் வர மாட்டான் என்று பிரிசில்லா வேறு வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் காலை ஐந்தரைக்கு அவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வேனைத் துடைத்துக்கொண்டு நின்றான். இந்த ஆள் அங்கே வந்து என்ன செய்யப் போகிறானோ என்ற பயத்தில் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் பாட்டுப் பாடுகிறவர்களோடு சேர்ந்து பாட அவளுக்கு வாய் வரவில்லை.

மாசி மாதத்துக் கடல், அலை அடக்கமாக இருந்தது. படகுகளைக் கரையேற்றிவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களைப் பார்த்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார். இயேசுவை உன் சொந்த இரட்சகராக விசுவாசிக்கிறாயா? விசுவாசிக்கிறேன் என்று அவர்கள் சொன்னதும், தலையின் பின்பக்கம் கை கொடுத்து முக்கி எடுத்தார். கரையில் பெண்கள் கை தட்டினார்கள். ஐந்தாவது ஆள் தும்மிக்கொண்டே கரையேறினான்.

அப்போது சம்பத் செருப்பைக் கழற்றினான். வேன் சாவியைப் பிரிசில்லாவின் கையில் கொடுத்தான். பேண்ட்டை மடிக்காமலே தண்ணீரில் இறங்கி நடந்தான்.

கரையில் யாரோ அல்லேலூயா என்றார்கள், உடனே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். செங்கம்மாள் மணலில் முட்டி போட்டுவிட்டாள். பதினோரு வருஷம் கேட்டது நடக்கப் போகிறது என்று பிரிசில்லாவுக்கு ஒரு மனசு துள்ளியது. இன்னொரு மனசு, அந்த நடையைப் பார், அது முழுகப் போகிறவன் நடையா என்றது. பாஸ்டரின் முகத்தையும் சொல்ல வேண்டும். தான் கண்ட தரிசனம் இத்தனை பேர் முன்னால் பொய்யாகப் போகிறதே என்ற வெட்கமும், ஒரு ஆத்துமா வருகிறதே என்ற சந்தோஷமும் சேர்ந்து, பாவம், அந்த மனுஷன் இரண்டு கையையும் விரித்தார்.

"முழுக்குக்கு வரல பாஸ்டர். என் பேர அடிச்சீங்களே, அத மறுபடி எழுதுங்க."

அல்லேலூயா சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பாஸ்டர் விரித்த கையை இறக்கினார். இதைச் சபையில் வைத்துப் பேசலாம் என்றார். நான் எப்போதும் சபைக்கு வெளியேதான் இருக்கிறேன், அதனால் வெளியிலேயே பேசலாம் என்றான் சம்பத். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள்.

"சரி, அப்போ நீங்க விசுவாசிக்கிறீங்களா சம்பத்?" பாஸ்டரின் குரலும் இப்போது ஏறியிருந்தது.

"பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னக் கேக்குறீங்க."

அலை ஒன்று வந்து இருவரையும் ஒரு அடி தள்ளிவிட்டுப் போனது.

"டெய்லி எனக்காக அழுவுறோம்ன்றீங்க. நாள் பாத்து பட்டினி கெடக்குறீங்க. ஒருத்தராச்சும் கீழ எறங்கி வந்து, யப்பா சம்பத்து, உன் மனசுல இன்னா கீதுன்னு கேட்டீங்களா? மைக்க டீக்கட மேலயே கட்டி வெச்சிகிறீங்க, நானும் எல்லாத்தயும் கேட்டுகினுதான் கீறேன். அந்த ஆதாமு பழத்தத் துன்னுட்டு மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினான். அவன் எங்க கீறான்னு கடவுளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் இன்னா பண்ணாரு? எங்க கீறேன்னு கேட்டாரு. எல்லாம் தெரிஞ்சவரே கேட்டுட்டு, அவன் வாயால பதில் வாங்கினாரு. ஒண்ணும் தெரியாத நீங்க என்னக் கேக்காமயே கோடு போட்டுட்டீங்க."

பேப்பர் படிக்கிறான் என்றுதானே பிரிசில்லா நினைத்தாள்! பாஸ்டர் ஆதாமைப் பற்றிப் பண்ணின அந்தப் பிரசங்கம் நடந்து மூன்று வருஷம் இருக்கும். அன்றைக்கு மாடியில் உட்கார்ந்திருந்த அவளுக்கே அது மறந்துவிட்டது.

பாஸ்டருக்கு வசனத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதை எடுத்தாலும் அது அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், ஆண்டவர் காட்டினதை நான் எப்படி மாற்றுவது, உபவாசித்துத்தான் சொல்ல முடியும் என்றார். கரையிலிருந்து பாஸ்டரம்மா பேசினாள். இருபது வருஷத்தில் அவள் புருஷன் பேச்சுக்கு நடுவே பேசி யாரும் கேட்டதில்லை.

"நீங்க எழுதுங்க எழுதாம போங்க. ஏழு பேரும் எனக்கு மனப்பாடம். அடுத்த மாசம் நான் வாசிப்பேன்."

செங்கம்மாள் ஓவென்று அழுதாள், இந்தத் தரம் மூக்கைத் துடைக்கவில்லை. பாஸ்டர் தண்ணீரில் நின்றபடியே மனைவியைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். சம்பத் திரும்பிக் கரைக்கு நடந்தான்.

ஜெயித்துவிட்டான் என் புருஷன் என்று பிரிசில்லாவுக்கு நெஞ்சு நிமிர வேண்டியதுதானே? நிமிரவில்லை. ஒருத்தராச்சும் கேட்டீங்களா என்று அவன் கேட்டது பாஸ்டரை மட்டுமா? பதினோரு வருஷம் ஒரே பாயில் படுத்தவள் அவள். கடவுளிடம் அவனைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது, அவனிடம் கடவுளைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கேட்டால் இல்லை என்பான் என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள். பாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்தது போன மாதம், அவள் எடுத்தது கல்யாணமான அன்று. அந்த ஆளை என்ன யோக்கியதையில் திட்டினேன் என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பும் ஆத்திரமுமாக வந்தது.

அவன் வேனுக்குப் பின்னால் போய்ப் பேண்ட்டின் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் இன்னும் மணலில்தான் நின்றார்கள். அவள் சாவியை நீட்டாமல் கைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டு அவன் எதிரே நின்றாள்.

"சம்பத்து. நீ நம்புறியா?"

அவன் நிமிர்ந்தான். கோபத்தில் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். கோபம்தான், ஆனால் அவன் மேல் இல்லை.

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"இல்லன்னு சொல்லிடுவன்னு பயம். அதான் கேக்கல. இப்ப கேக்குறேன், சொல்லு."

பிழிந்துகொண்டிருந்த பேண்ட் நுனியைக் கையிலிருந்து விட்டான். அவன் யோசிக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவனுக்குப் பதிலாக எல்லாரும் யோசித்துவிட்டார்கள், அவனாக யோசிப்பதை இப்போதுதான் பார்க்கிறாள். அவன் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"இல்ல பிரிசில்லா," என்றான். "இன்னும் இல்ல."

அறைந்ததுபோல் வலித்தது. அவள் பயந்த அதே பதில்தான். ஆனால் அதில் ஒரு இன்னும் இருந்தது, அதை எந்தப் பாஸ்டருக்கும் எந்தத் தரிசனத்திலும் யாரும் காட்டவில்லை. அவள் முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நாளைக்கும் கேப்பேன்."

"கேளு," என்று சொல்லி அவன் சாவிக்குக் கையை நீட்டினான்.